மேலே கூச்சல், கீழே அமைதி

அன்புள்ள ஐயா,

பூமியைச் சுற்றி விண்வெளியில் தானாக எழும் ரேடியோ அலைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு சந்தேகம். செயற்கைக்கோள் அங்கேயே போய் அளந்துவிட்ட பிறகு, பின்லாந்துப் பனியில் ஆண்டெனா நட்டுக் காத்திருப்பது எதற்கு? இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒத்துப்போகாததுதான் வழக்கம். அதற்காக இரண்டில் ஒன்று தப்பு என்று ஆகிவிடாது.

அந்த ரேடியோ அலைகளில் ஒன்றான 'கோரஸ்' அலையையே பாருங்கள். அதன் அலைவெண் சில கிலோஹெர்ட்ஸ்தான்; அப்படியே ஒலிபெருக்கியில் விட்டால் விடியற்காலைக் குருவிக் கூட்டம் மாதிரி கேட்கும். ஒவ்வொரு கீச்சும் ஒரு நொடிக்குள் சுருக்கென்று மேலேறி முடியும். பிறப்பது பூமியின் காந்த நடுக்கோட்டின் பக்கம், பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து தரைக்கு வர வழி வேண்டுமே? காந்தப்புலக் கோட்டை ஒட்டி, எலக்ட்ரான் அடர்த்தி அக்கம்பக்கத்திலிருந்து மாறுபட்டு ஒரு குழாய் போல அமைந்திருந்தால், அலை அதற்குள் அடங்கி இறங்கும். இல்லையென்றால் சாய்ந்துகொண்டே போய் வழியிலேயே திரும்பிவிடும். குழாய் கிடைத்தாலும், வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கான அயனிமண்டலத்தை ஏறக்குறைய செங்குத்தாகத் தொட வேண்டும். பகலில் அதன் அடிப்பகுதி பெரும்பங்கை விழுங்கிவிடும். தப்பி வந்த மிச்சமும் தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் நடுவே பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். ஆகவே ஆண்டெனாவில் விழுந்தது நேர் மேலிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது.

சரி, செயற்கைக்கோள் மட்டும் போதாதா? அது பறந்துகொண்டே இருக்கிறது. கோரஸ் சட்டென்று நின்றால், அலை ஓய்ந்ததா, செயற்கைக்கோள்தான் அந்த இடத்தைத் தாண்டிவிட்டதா? ஒற்றைச் செயற்கைக்கோளால் சொல்ல முடியாது. 2012இல் நாசா வான் ஆலன் ஆய்வுக்கலங்களை ஜோடியாக அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். தரை ஆண்டெனாவோ இருந்த இடத்திலேயே இரவு முழுக்கக் கேட்கும். ஒரே கீச்சு, அதே ஏற்றத்தோடு, இரண்டு பதிவிலும் கிடைத்துவிட்டால் அலை வந்த பாதையையே கணக்குப் போடலாம். 2016இல் ஜப்பான் ஏவிய அராசே செயற்கைக்கோளோடு சேர்த்துப் பின்லாந்திலும் கனடாவிலும் ஆண்டெனாக்களை வைத்துக் கேட்பது இப்படி ஒரு பொருத்தத்துக்காகத்தான்.

கீழே வருவதே அரிதான அலையும் உண்டு. துருவ ஒளிப் பகுதிக்கு மேலிருந்து எழும், கிலோமீட்டர் கணக்கில் அலைநீளம் கொண்ட 'கிலோமீட்டர் அலை' உச்சத்தில் நூறு கோடி வாட்டைத் தொடும் என்று 1974இல் அமெரிக்க இயற்பியலாளர் டொனால்ட் கர்னெட் காட்டினார். எல்லாம் செயற்கைக்கோள் பதிவுகளை வைத்துத்தான். அயனிமண்டலம் அந்த அலையைப் பெரும்பாலும் மேலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

அதற்காகத் தரையை இளக்காரமாக நினைத்துவிடாதீர்கள். மின்னலில் பிறந்து காந்தப்புலக் கோடு வழியே போய்வரும் 'விசிலர்' அலை, முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டவர்கள் காதில் விழுந்தது. 'பீயூ...' என்று இறங்கும் அந்தச் சத்தத்தைத் தரையிலிருந்தே பதிவுசெய்து, பூமியிலிருந்து அவ்வளவு தொலைவிலும் எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்று 1953இல் கேம்பிரிட்ஜின் ஸ்டோரி கண்டுசொன்னார். முதல் செயற்கைக்கோள் கிளம்ப அப்போது இன்னும் 4 வருடம் இருந்தது.