நியூ ஏஜ் ஆன்மீகப் பாட்டு: மனைவிக்குக் கண்ணீர், எனக்கு எரிச்சல். ஏன்?

கேள்வி: என்யா, தேவா பிரேமல் போன்றவர்களின் நியூ ஏஜ் பாட்டுகளை, அதாவது தியானத்துக்குப் போடும் மெதுவான மேற்கத்திய இசையை, கேட்டால் என் மனைவிக்குக் கண் கலங்குகிறது. எனக்கோ ஐந்து நிமிடத்தில் எரிச்சல் வந்துவிடுகிறது. எனக்கு ஆன்மீக உணர்வே இல்லையா?

பதில்:

அந்தக் கவலையை முதலில் விடுங்கள். எங்கள் வீட்டில் பக்தி அதிகம் உள்ள ஆள் அம்மாதான். இந்தப் பாட்டுகளைக் கண்ணில் காட்டக்கூடாது என்பவரும் அவர்தான்.

நான் திருகோணமலை உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை வெளிநாட்டுக்காரர் நிறைய வருவார்கள். காலையில் மொட்டை மாடியில் யோகா, பின்னேரம் முன்கூடத்தில் மெல்லிசாக ஏதாவது பாட்டு. என்ன போடுவது என்பது என் பொறுப்பு என்பதால், ஒரே பாட்டுக்கு ஆளாளுக்கு மாறும் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு நாள் அயர்லாந்துப் பாடகி என்யாவின் 'ஒன்லி டைம்' ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அமெரிக்கப் பெண்மணி மேசைக்கு வந்து, இதை மட்டும் மாற்ற முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். 2000இல் வெளிவந்த பாட்டு அது. மறு வருடம் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தபோது, அந்த நாட்டுத் தொலைக்காட்சிகளில் இடிந்த கோபுரங்களின் காட்சிகளோடு சேர்ந்து ஒலித்தது. அவருக்கு அது சாந்தி தரும் பாட்டாக எப்படி இருக்கும்? அவர் போன கையோடு சமையலறை அண்ணா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஆரும் மோசம் போயிட்டினமா?" அவருக்கு நியூயோர்க்கும் தெரியாது, என்யாவும் தெரியாது. தாளமில்லாமல் இழுத்து இழுத்துப் போகும் எந்தப் பாட்டும் அவர் காதுக்குச் செத்தவீட்டுப் பாட்டுத்தான்.

சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, நாம் எல்லோரும் அப்படித்தான். மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறைவன் நீராடுவதற்குப் பெண்கள் கூடி வாசனைப் பொடி இடிக்கும் பாட்டு. உலக்கை போடுகிற துள்ளலும் குதூகலமும் அதில் நிறைந்திருக்கின்றன. ஆனால் ஈழத்துச் சைவ வீடுகளில் இறுதிக் கிரியையில் சுண்ணம் இடிக்கும்போதுதான் அதைப் பாடுவோம். ஆகவே "முத்துநல் தாமம்" என்று தொடங்கினாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிய ஒருவர் அதே பாட்டைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு காலைத் தேநீரை ரசித்துக் குடித்தார்! ஒரு ஒலியை முதன்முதலில் எந்த இடத்தில் கேட்டோமோ அந்த இடம் அதோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. உங்கள் மனைவி இதை எங்கே கேட்டுப் பழகினார், நீங்கள் எங்கே கேட்டீர்கள் என்று இருவரும் ஒரு தரம் பேசிப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

மீதிப் பாதி, பாட்டில் சொல்லைத் தேடும் பழக்கம். என்யாவின் 2005ஆம் ஆண்டு 'அமராந்தைன்' தொகுப்பில் சில பாட்டுகள் லொக்சியன் என்ற மொழியில் இருக்கின்றன. அது அவருக்குப் பாட்டெழுதும் ரோமா ரயன் கற்பனையாக உருவாக்கிய மொழி. கேட்பவருக்குப் புரியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறார்கள். நாள் முழுக்கப் பேச்சுக் கேட்டு அலுத்த தலைக்கு அது பெரிய ஆறுதல். இரவுப் பணியில் எனக்கும் அப்படித்தான். ஆனால் தேவாரம் கேட்டு வளர்ந்த காது சொல்லுக்காகக் காத்திருக்கும். கோணேசர் கோயிலில் சம்பந்தர் பதிகத்தை யாராவது பாடி "குரைகடல் ஓதம்" என்ற இடம் வந்தால், குன்றின் கீழே அந்தக் கடலே இரைந்துகொண்டிருக்கும். அந்தப் பதிகத்தின் இராகமான புறநீர்மைப் பண்ணும் சேர்ந்துகொள்ளும். அப்படிப் பழகிய அம்மாவுக்கு தேவா பிரேமலின் காயத்ரி மந்திரத்தைப் போட்டுக் காட்டினேன். 1998இல் வந்த 'தி எசென்ஸ்' தொகுப்பில் உள்ளது. கொஞ்ச நேரம் கேட்டார். "குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா மந்திரத்தைத் தாலாட்டு மாதிரி இழுக்குது" என்றார். நானும் அம்மா கட்சிதான். புரியாத மொழியில் என்றால் மயங்குகிறேன், தெரிந்த மந்திரம் என்றால் உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கிவிடுகிறேன். அந்தப் பாடகி பொழுதுபோக்குக்காக அதை எடுத்தவரல்ல. ஜெர்மனிக்காரரான அவர், தான் கருவில் இருந்தபோதே தந்தை அந்த மந்திரத்தை ஓதியதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது பிறந்த வீட்டுப் பாட்டு.

இதெல்லாம் வெள்ளைக்காரர் வியாபாரம் என்று எழுதுபவர்களையும் பார்க்கிறேன். கிராமி விருதில் நியூ ஏஜுக்கென்று தனிப் பிரிவு 1987இல் வந்தது. 2025இல் அதே பிரிவில் வென்றவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன். தென்னாப்பிரிக்கப் புல்லாங்குழல்காரர் ஒருவரோடும் ஜப்பானிய செல்லோக்காரர் ஒருவரோடும் அவர் சேர்ந்து செய்த 'திரிவேணி'யில் வேத மந்திரங்கள் இருக்கின்றன. ஆகவே அந்தக் குறை எடுபடாது.

இன்னொன்று, ஒலிப்பதிவு. என்யா பாட்டில் கேட்கும் அந்தப் பெருங்கூட்டம் முழுக்க அவர் ஒருவரே. தன் குரலையே திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்குகிறார், அதன் மேல் நீண்ட எதிரொலியும் ஏறுகிறது. மூச்சு வாங்குவது கேட்காது, பாடுபவர் எங்கே நிற்கிறார் என்றும் பிடிபடாது. சிலருக்கு அது வானத்திலிருந்து வருவது போல இருக்கும், சிலருக்கு ஆள் இல்லாத வீடு மாதிரி. எங்கள் மொட்டை மாடியில் கிடக்கும் சின்ன ஸ்பீக்கரில் போட்டால் அந்த எதிரொலி முழுக்கக் குழம்பி, காதில் விழுவது வெறும் இரைச்சல். அதைக் கேட்டு எரிச்சல்படுபவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

நீங்கள் எதில் கேட்கிறீர்கள் என்று எழுதவில்லை. கைப்பேசி ஸ்பீக்கரில் என்றால் ஒரு நல்ல ஹெட்போனில் ஒரு பாட்டு, ஒன்றே ஒன்று, கேட்டுப் பாருங்கள். அடுத்து, அடுக்கும் எதிரொலியும் இல்லாமல் ஒரு ஓதுவார் பாடிய பதிகத்தைக் கேளுங்கள். அதில் மனம் நின்றால், உங்களுக்குத் தேவைப்படுவது சொல்லும் மூச்சும்தான். இரண்டுமே சரிவரவில்லை என்றால் மனைவிக்கு ஹெட்போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் உங்கள் இளையராஜாவைப் போடுங்கள்.