வலிப்பு நோய்: வாசகர் கேள்விகளும் நரம்பியல் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தவுடன் வலிப்பு நின்றுவிடுகிறதே, அதற்கு அறிவியல் காரணம் உண்டா?

பதில்: பெரும்பாலான வலிப்புகள் இரண்டு, மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும், சாவிக்கொத்தைத் தேடி எடுத்து வருவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது. அந்த நேரத்தில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். வாய்க்குள் கரண்டி, துணி, தண்ணீர் என எதையும் நுழைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டும் வலிப்பு வருகிறது. வேறு மாத்திரைக்கு மாறலாமா?

பதில்: மாத்திரையின் பெயர், அளவு, உங்கள் வயது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வலிப்பு வருகிறது என்பவற்றில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம். மருந்துச் சீட்டையும், வலிப்பு வந்த தேதிகளைக் குறித்த நாட்காட்டியையும், கைப்பேசியில் பதிவுசெய்த காட்சி இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனை இயல்பாக இருந்தால் வலிப்பு நோய் இல்லை என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. இயல்பாகவே இருக்கும்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாள், மூன்று ஆண்டுகளாக வலிப்பு இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்கள் சொல்லவில்லை. திருமணம் முடியும்வரை மாத்திரையை நிறுத்திவைக்கலாமா?

பதில்: ஒவ்வொரு முகூர்த்த காலத்திலும் இந்தக் கடிதம் வெவ்வேறு கையெழுத்தில் எனக்கு வந்துவிடுகிறது. முந்தைய இரவு வரவேற்பு, விடியலில் முகூர்த்தம், இடையில் தூக்கமும் இல்லை, ஒழுங்கான சாப்பாடும் இல்லை. வலிப்பைத் தூண்டுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இதோடு மாத்திரையையும் திடீரென நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பில் உயிருக்கே ஆபத்து வரலாம். எதை மறைக்க நினைக்கிறீர்களோ அது மணமேடையிலேயே வெளிப்படும்.

1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த காக்காய் வலிப்பு, 1999-இல் திருத்தம் செய்து நீக்கப்பட்டது. சட்டமே தடையில்லை என்று சொன்ன பிறகு பெற்றோர் ஏன் ஒளிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நோய் திருமணத்தைக் கெடுத்ததைவிட, மறைத்தது பின்னால் தெரியவந்து கெட்ட திருமணங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவே இல்லை. கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறக்கலாம்; முப்பது, நாற்பது குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியும் பேச்சும் பாதிக்கப்படலாம். அவளுடைய வலிப்பின் வகைக்குப் பொருந்துமானால் லெவெடிரசெட்டம் அல்லது லமோட்ரிஜினுக்குப் படிப்படியாக மாற்றி, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையும் தொடங்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகும் என்பதால் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். என் மகனின் வலிப்புக்குக் காரணம் மூளையில் உள்ள நாடாப்புழுக் கட்டி என்கிறார்கள். எப்படி வந்திருக்கும்?

பதில்: பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவரின் குடலில் நாடாப்புழு வளரும், மூளைக்குச் செல்வது அதன் முட்டையிலிருந்து வரும் புழு. அந்த முட்டை மலத்தோடு வெளியேறி, கழுவாத கீரை, குடிநீர், சமைப்பவரின் கை வழியாகச் சைவர் இலைக்கும் வந்துசேரும். இது குணப்படுத்தக்கூடியது, ஆனால் புழு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். புழு சாகும்போது மூளை வீங்கும் என்பதால் அதை ஸ்டீராய்டு துணையோடு மருத்துவர் பார்வையில்தான் தர வேண்டும்.

கேள்வி: காலை மாத்திரையை மறந்துவிட்டால்?

பதில்: நினைவு வந்தவுடன் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அந்த வேளைக்கு உரியதை மட்டும் சாப்பிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள்.