மறு: ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணப்பர் கதை

வணக்கம். உங்கள் படக்கதையின் வரைவைக் கேட்ட ஐந்து வயதுச் சிறுமி, "நானும் கண்ணைக் குடுத்தா சாமி வருமா?" என்று கேட்டதாகவும், முடிவை மாற்றினால் கதையே செத்துவிடுமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அவள் கேட்டது அந்த வயதுக்கு இயல்பானதே. ஏறத்தாழ இரண்டு முதல் ஏழு வயது வரையிலான பருவத்தைக் குழந்தை உளவியலாளர் பியாஜே தனியாகப் பிரித்துப் பேசினார். அந்த வயதில் குறியீடாகச் சொல்வதும் நடந்ததாகவே பதியக்கூடும். கண்ணைத் தருதல் என்பது தன்னையே தருதல் என்று நாம் விளக்கினாலும், அவள் மனத்தில் நிற்பது கண்ணைப் பெயர்த்தெடுக்கும் அம்பு மட்டுமே.

ஆகவே முடிவை மாற்றாதீர்கள், முன்னதாக நிறுத்திக்கொள்ளுங்கள். திண்ணன் (கண்ணப்பரின் இயற்பெயர்) சிவலிங்கத்துக்காக வாயில் நீரை முகந்து வருவதும், தலைமுடியில் பூவைச் செருகி வருவதும், இறைச்சியைக் கடித்து ருசிபார்த்துப் படைப்பதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடங்கள். சிவலிங்கத்தின் கண்ணில் குருதி வழிந்தபோது, தன் கண்ணைத் தருவதற்கு முன் அவன் பச்சிலை தேடி ஓடிச் சாறு பிழிந்தான் என்பது சேக்கிழாரின் பெரியபுராணத்திலேயே இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பச்சிலையோடு அவன் ஓடிவரும் படத்துடன் உங்கள் நூல் முடியலாம்.

எட்டு வயதுக்கு மேல் கண்ணைத் தந்ததைச் சொல்லலாம். ஆனால் படத்தில் அம்பு வேண்டாம், அவனைத் தடுக்கும் இறைவனின் கை போதும். அங்கே பூசை செய்த சிவகோசரியாரின் ஆகம ஒழுங்குக்கும் (நூல்கள் விதித்த பூசை முறைக்கும்) வேடனின் அன்புக்கும் உள்ள மோதலைப் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கான பதிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.