நாலரை மணித் தியானம்

கேள்வி: ஏழாம் வகுப்பில் இருக்கும் என் மகனை விடுதிப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். ஐந்து மணிப் படிப்புக்கு முன், விடிகாலை நாலரைக்கே தியானம் சொல்லித் தருகிறார்கள். கவனம் கூடி மதிப்பெண் உயரும் என்கிறார்கள். உண்மைதானா?
– ஒரு தாய், ராசிபுரம்

பதில்: தியானம் இருக்கட்டும் அம்மணி. நாலரைக்கு எழுப்புகிறவர்கள் உங்கள் மகனை எத்தனை மணிக்குப் படுக்க விடுகிறார்கள்? 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொன்னது. அப்படியானால் அவன் இரவு ஏழரைக்கே தூங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் விடுதியில் இரவுப் படிப்பு நடந்துகொண்டிருக்கும். தூக்கத்தைப் பறித்துக்கொண்டு கவனத்தைக் கேட்பது கொடுமை. கண்ணை மூடியதும் அந்தப் பிள்ளை தூங்கிவிட்டால் அவனைத் தட்டி எழுப்ப வேண்டாம் என்று அந்த ஆசிரியரைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மதிப்பெண்ணுக்கு நான் உறுதி தர மாட்டேன். பிரிட்டனில் 11 முதல் 14 வயது வரையுள்ள 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ‘மைரியட்’ என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2022-இல் வெளிவந்தது. மூச்சையும் மனதில் ஓடுவதையும் நிதானமாகக் கவனிக்கும் தியானத்துக்கு மனக்கவனப் பயிற்சி என்று பெயர். வகுப்பில் அதைப் பெற்றவர்களின் மனநலம்கூட, அதைப் பெறாதவர்களின் மனநலத்தைவிட மேம்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை.

தியானத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆழியாற்றில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோயிலுக்குப் போய்க் கோபம் தணிந்து வந்த பெரியவர்களை நான் அறிவேன். அவர்கள் விரும்பிப் போனவர்கள். 1979-இல் ஜான் கபாட்-சின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய மனக்கவனப் பயிற்சிக்கு வந்தவர்களும் தீராத வலியோடு தாமாக வந்த பெரியவர்களே.

இன்னொன்று. இந்தப் பக்கத்தில் எழுதி எழுதித் திட்டு வாங்கியதுதான்; மறுபடியும் எழுதுகிறேன். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்க்கும் பள்ளிக்குப் பிள்ளையின் மனதைப் பற்றிப் பேச உரிமை இல்லை!

கவனம் பழக நம் கொங்கு மண்ணில், வள்ளி–முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளிக் கும்மி இருக்கிறது. பாட்டைக் காதில் வாங்க வேண்டும். அடி பிசகக் கூடாது. கைத்தட்டு முந்தக் கூடாது. பக்கத்தில் ஆடுகிறவர் மேல் மோதக் கூடாது. பாட்டியும் பேரனும் ஒரே வட்டத்தில் ஆடலாம். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நான் கொண்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஊர் ஊராகச் சாயங்காலங்களில் பழக்கி, கோயில் திடலில் அரங்கேற்றம் வைக்கிறார்கள். விடுமுறைக்கு மகன் வந்ததும், முதல் இரண்டு நாள் தூங்கவிட்டு, பக்கத்தில் எங்கே பழக்குகிறார்கள் என்று விசாரித்து அழைத்துப் போங்கள். நீங்களும் சேர்ந்து ஆடுங்கள்.