மாத்திரைக்குக் கோபம் வருமா?

(பதில் எழுதுபவர் மண்டபத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். பதினேழு வயதிலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இந்த இதழில் மூன்று கடிதங்கள்.)

கேள்வி: அக்கா, எனக்கு வயது 22. மாமாவின் விசைப்படகில் வேலை. மூன்று வருடம் முன்பு தூக்கத்தில் முதல் தடவை ஃபிட்ஸ் வந்தது. ஃபெனிடாயின் கொடுத்தார்கள், ஈறு வீங்கியது. போன தை மாதம் லெவிடிராசிட்டம் 500, காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாற்றினார்கள். ஃபிட்ஸ் நின்றுவிட்டது. ஆனால் தொட்டதற்கெல்லாம் கோபம். குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தூக்கி அடித்தேன், தங்கச்சி நெற்றியில் பட்டது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினேன். நாலாம் நாள் கரையில் வலை ஏற்றும்போது விழுந்துவிட்டேன். ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விடலாம் என்கிறார் பெரியம்மா. எனக்குப் புத்தி மாறுகிறதா? கடலுக்குப் போகலாமா?
– பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: தம்பி, தங்கச்சி நெற்றி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே. முதலில் அவளிடம் போய், அது மாத்திரை செய்த வேலை என்று சொல்லு. சொல்லிவிட்டு மன்னிப்பும் கேள். இரண்டும் வேண்டும்.

உனக்குப் புத்தி மாறவில்லை. லெவிடிராசிட்டம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு எரிச்சல், கோபம், காரணமில்லாத அழுகை, மனச்சோர்வு எல்லாம் வரும். மருந்து செய்கிறவர்களுக்கும் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு இது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டில் அச்சடித்தே இருக்கும். ஆனால் பெட்டி என் கடையிலேயே நின்றுவிடுகிறது. உன் கைக்கு வருவது நான் கத்தரித்துக் கொடுக்கும் பட்டை மட்டும்தான். போன வருடம் ஓர் அம்மா வந்து, "மருந்து மாத்துனதுலேர்ந்து பிள்ளை நாயை உதைக்கிறான்"னு சொன்னார். நாயை உதைக்கிற பையனா அவன் என்று கேட்டேன். இல்லை, அந்த நாயை வளர்த்ததே அவன்தானாம். மருத்துவர் மாத்திரையை மாற்றினார், பையன் சரியாகிவிட்டான்.

நீ நிறுத்தியது தப்பு. திட்டமாட்டேன், நானும் அதைச் செய்தவள். 1996-ல் எனக்குக் கொடுத்ததும் ஃபெனிடாயின்தான். ஆறு மாதத்தில் ஈறு வளர்ந்து பாதிப் பல்லை மூடியது. மேலுதட்டில் மயிர் அரும்பியது. பதினேழு வயசுப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். சிரிப்பு வந்தால் தாவணியால் வாயை மூடிக்கொள்வேன். ஒரு நாள் பட்டையோடு தூக்கிக் கிணற்றில் போட்டேன். ஐந்தாம் நாள் அதே கிணற்றடியில் விழுந்தேன். கண் விழித்தபோது வாயெல்லாம் ரத்தம். பல்லைக் கடிக்கிறேன் என்று யாரோ கரண்டியைத் திணித்திருக்கிறார்கள். அன்றைக்கு உடைந்த முன்பல் இன்றும் பாதிதான்.

மூளை மருந்துக்குப் பழகியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் பழைய ஃபிட்ஸைவிடப் பெரிதாகத் திரும்பலாம். ஒன்று நிற்பதற்குள் அடுத்தது என்று தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மாற்றுவதற்கு முறை இருக்கிறது. புது மாத்திரையை மெல்ல ஏற்றி, பழையதை மெல்ல இறக்குவார்கள், வாரக்கணக்கில் ஆகும். எனக்கு அப்படித்தான் கார்பமசெபைனுக்கு மாற்றினார்கள். அதில் டோஸ் ஏற்றியதும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அப்போது பாம்பனில் ரோட்டுப் பாலம் ஒன்று, ரயில் பாலம் ஒன்று. எனக்கு மட்டும் நாலு. இதைப் போய்ச் சொன்னேன், டோஸைக் குறைத்தார்கள், பாலம் இரண்டாகிவிட்டது. முதல் மாத்திரையில் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பல் போனது. இரண்டாவதில் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓ.பி.யில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். "ஃபிட்ஸ் வந்துச்சா?" "இல்ல சார்." அவ்வளவுதான், பேனா ஓடிவிடும், இதே மாத்திரை மூன்று மாதத்துக்கு. பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அதனால் முதல் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போ: "ஃபிட்ஸ் நின்னுருச்சு சார், ஆனா கோபத்துல தங்கச்சிய அடிச்சுட்டேன், பயந்து மாத்திரைய நிறுத்தினேன், திரும்ப விழுந்தேன்." இதைக் கேட்ட மருத்துவர் பேனாவைக் கீழே வைப்பார். தங்கச்சியையும் கூட்டிப் போ. நீ மறைப்பதை அவள் சொல்வாள்.

கையில் ஒரு கணக்கும் இருக்கட்டும். நான் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் எழுதுவேன்: மாத்திரை எத்தனை மணிக்கு, தூக்கம் எத்தனை மணி நேரம், அன்று என்ன தொந்தரவு. மூன்று வரி போதும். கோபம் மாத்திரை மாற்றிய வாரத்திலா, தூங்காத மறுநாளா என்று முப்பது தாளை அடுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதை வைத்து அவர் டோஸைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். சில மருத்துவர்கள் கூடவே வைட்டமின் பி6 கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. அதை நீயாக என் கடையிலோ வேறு கடையிலோ கேட்டு வாங்காதே. அதுவரை மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே. கோபம் தலைக்கேறினால் வெளியே நடந்துவிடு. செத்துப் போகலாம் என்கிற மாதிரி நினைப்பு வந்தால் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போ. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அடித்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

ஏர்வாடி. தர்காவில் போய் வேண்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை. என் அம்மா என்னையும் மூன்று வியாழக்கிழமை கூட்டிப் போனவர்தான். கையில் எண்ணெய், மடியில் மாத்திரைப் பட்டை. ஆனால் 'கொண்டுபோய் விடுவது' என்கிற பேச்சு வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். பெரியம்மாவுக்கு அந்த வருடம் நினைவிருக்கும், கேட்டுப் பார். உனக்கு வருவது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. மூளையில் மின்சாரம் ஒரு நிமிஷம் தாறுமாறாக ஓடுகிறது, அதுதான் ஃபிட்ஸ்.

கடல் விஷயம். இதில் நான் உனக்குப் பிடித்த பதில் சொல்லப் போவதில்லை. இப்போது போகாதே. உன் படகு காலையில் டோக்கன் வாங்கிப் போய் மறுநாள் காலையில்தான் கரை பிடிக்கிறது. இரவெல்லாம் விழிப்பு. ஃபிட்ஸைக் கூப்பிடுகிற முக்கியமான காரணங்களில் தூக்கம் கெடுவதும் ஒன்று. ஜாக்கெட் போட்டுக்கொள்கிறேன் என்பாய்; நினைவில்லாதவனுக்கு ஜாக்கெட் மிதக்கத்தான் உதவும், முகத்தைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருக்கும் என்று நம்பாதே. இன்னொன்றையும் யோசி. எல்லையில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் வாரக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? அங்கே காலையும் இரவும் உனக்கு யார் மாத்திரை எடுத்துத் தருவது? மருத்துவர் சரி என்று சொல்கிறவரை ஏலக் கூடம், ஐஸ் கட்டை, வலை பின்னல் என்று கரை வேலை பார். சம்பளம் குறையும், தெரியும். மாமாவிடம் நோயைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். மறைத்துக் கேட்டால் சோம்பேறி என்பார்.

கேள்வி: எனக்கு வயது 24, பி.எட். முடித்திருக்கிறேன். ஆறு வருடமாக சோடியம் வால்ப்ரோயேட். பதினொரு கிலோ ஏறிவிட்டது, முடி கொட்டுகிறது. வாரத்துக்கு வேண்டிய மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போட்டு வைப்பேன், அது வேறு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது. மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சொல்ல வேண்டாம் என்கிறார் உம்மா. நோன்பு வைக்கலாமா?
– ஒரு தங்கை, கீழக்கரை

பதில்: தங்கச்சி, டப்பாவை முதலில் பார்ப்போம். வால்ப்ரோயேட் ஈரத்தை இழுக்கும். நம் கடற்காற்றில் பட்டையிலிருந்து பிரித்தால் இரண்டே நாளில் பிசுக்கு. சாப்பிடும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள். வாரக் கணக்கு வேண்டுமென்றால் பட்டையைப் பிரிக்காமல் கத்தரியால் துண்டு போட்டு வையுங்கள். கார்பமசெபைன் சாப்பிடுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஈரம் பட்டால் அந்த மாத்திரை கெட்டியாகி, மூன்றில் ஒரு பங்கு வரை வேலை குறைந்துவிடும். குளியலறை அலமாரி, ஜன்னல் திட்டு இரண்டும் வேண்டாம்.

எடையும் முடியும் வால்ப்ரோயேட்டின் வேலைதான். பசியைக் கிளப்பிவிடும். ஆனால் எனக்குக் கவலை அதில் இல்லை. வால்ப்ரோயேட் சாப்பிடும்போது உண்டாகிற குழந்தைகளில் 100-க்கு 10 பேர் அளவுக்குப் பிறவிக் குறை வருகிறது. 100-க்கு 30, 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, வளர்ச்சி பின்தங்குகிறது. குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வேறு வழி இருந்தால் இந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்பது அதனால்தான். ஆறு வருடத்தில் இதை உங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது, நான் லெவிடிராசிட்டம் சாப்பிடாமலேயே. மாப்பிள்ளை முடிவாகும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் போய், "கல்யாணம் பேசுறாங்க, இந்த மாத்திரையே தொடரலாமா?" என்று கேளுங்கள். மேலே பாம்பன் தம்பி திட்டிய அதே லெவிடிராசிட்டமோ, லாமோட்ரிஜினோ உங்களுக்கு ஒத்துவரலாம். குழந்தைக்கு அவற்றில் ஆபத்து மிகக் குறைவு. ஃபோலிக் ஆசிட் எப்போது தொடங்குவது, எவ்வளவு என்பதையும் அன்றே கேளுங்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சொல்வதா வேண்டாமா? சொல்லிவிடுங்கள். மறைத்துக் கல்யாணம் செய்த பெண்கள் என் கடைக்கு வருவார்கள். அரிசிப் பானைக்குள் மாத்திரை, மாமியார் அடுப்படியில் இருந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. அப்படி விட்ட மாத்திரையால்தான் ஃபிட்ஸ் வந்து எல்லாம் வெளிப்படும். முன்பு வலிப்பு இருந்தால் கல்யாணத்துக்குச் சட்டத்திலேயே தடை இருந்தது; 1999-ல் இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் வலிப்பு என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சட்டம் வேறு. ஆனாலும் உம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். என்னைப் பார்க்க வந்த முதல் வீட்டார் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள், தகவலே இல்லை. இரண்டாவதாக வந்தவர், "எத்தனை மணிக்கு மாத்திரை?" என்று மட்டும் கேட்டார். இருபத்திரண்டு வருடமாக அவரோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நோன்பு: பகலில் மாத்திரை வேளை வராதபடி சஹருக்கு (விடியலுக்கு முன் சாப்பிடும் நேரம்) ஒன்று, நோன்பு திறக்கும்போது ஒன்று என்று மாற்ற முடியுமா என்பதை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். பசியைவிடத் தூக்கம்தான் பிரச்சினை. தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து உட்கார்ந்து பேசிவிட்டு, சஹருக்கும் எழுந்தால் மூன்று மணி நேரம் தேறாது. வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்குச் சலுகை உண்டு என்பதை உங்கள் ஆலிம் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஃபிட்ஸ் வந்தால் பீரோ சாவிக்கொத்தைக் கையில் திணிப்போம், ஒன்றிரண்டு நிமிஷத்தில் நின்றுவிடும். மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர் சிரிக்கிறார். சாவி கொடுப்பது தவறா?
– ஒரு தாய், மூக்கையூர்

பதில்: அக்கா, சாவி இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் நின்றிருக்கும். பெரும்பாலான ஃபிட்ஸ் தானாகவே நிற்கிறது. பேர் சாவிக்குப் போகிறது. சாவி தேடி ஓடுகிற அந்த அரை நிமிஷத்தில் பையனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். தலைக்குக் கீழே துண்டு ஏதாவது மடித்து வையுங்கள். கையைக் காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் எதையும், குறிப்பாகக் கரண்டியை, வைக்க வேண்டாம். என் பல் கதையை மேலே படித்திருப்பீர்கள். செல்லில் மணி பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, தண்ணீரில் விழுந்திருந்தாலோ 108. முழுசாக நினைவு வந்து உங்கள் பெயரைச் சொல்கிறவரை தண்ணீர், சோடா எதுவும் கொடுக்காதீர்கள்.