மகளுக்கு மிஸ் இல்-து-பிரான்ஸ் ஆசை: முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவள். நானும் கணவரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மிஸ் பிரான்ஸ் அழகிப் போட்டியின் பாரிஸ் பகுதிச் சுற்றான மிஸ் இல்-து-பிரான்ஸ் போட்டிக்கு விண்ணப்பிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உயரம் 1.70 மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். என்ன தகுதி வேண்டும்? செலவு எவ்வளவு? படிப்பு கெட்டுவிடுமா? (வாசகி, லா கூர்நெவ்)

பதில்: செலவையும் படிப்பையும் பிறகு பார்க்கலாம். முதலில் மகளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். மிஸ் பிரான்ஸ் விதிகளில் அண்மைக் காலத்தில் எவ்வளவோ தளர்ந்துவிட்டன. முன்பு 24 வயதுக்கு மேல் போக முடியாது, திருமணம் ஆகியிருக்கக் கூடாது, பிள்ளை இருக்கக் கூடாது. 2022இல் இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். 18 வயது நிரம்பியிருந்தால் போதும். அசையாமல் நிற்பதில் முதலாவது உயரம்: ஹீல்ஸ் இல்லாமல் குறைந்தது 1.70 மீட்டர், ஏறக்குறைய ஐந்தடி ஏழு அங்குலம். நம் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த இடத்திலேயே கதவு மூடிவிடும். அநியாயமான விதி என்பது என் கருத்து, ஆனால் விதி விதிதான். காலையில் எழுந்ததும் மனித உடல் மாலையை விடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கும். அதனால் மாலையில் ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போதும் 1.70 வந்தால் கவலையில்லை. காலையில் மட்டும் வந்தால், தேர்வு எந்த நேரத்தில் நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை என்பதை மகளிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது குடியுரிமை. போட்டியாளர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். இங்கே பிறந்தால் பிறந்த அன்றே பிரெஞ்சுக்காரர் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வெளிநாட்டில் பிறந்த வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை, 18 வயதாகும்போது பிரான்சில் வசித்து, 11 வயதுக்குப் பிறகு விட்டுவிட்டாவது மொத்தம் 5 ஆண்டுகள் இங்கே இருந்திருந்தால், தானாகவே பிரெஞ்சுக் குடியுரிமை பெறுகிறார். உங்கள் மகள் இங்கேயே வளர்ந்தவர் என்பதால் சட்டப்படி சிக்கல் இருக்காது. ஆனால் கையில் தாள் வேண்டுமே! சின்ன வயதிலேயே உங்கள் விண்ணப்பத்தின் பேரில் அவருக்குக் குடியுரிமை எடுத்திருந்தால் அடையாள அட்டை இருக்கும். இல்லையென்றால் நீதிமன்றத்தில் குடியுரிமைச் சான்றிதழுக்கு மனுக் கொடுங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், மற்ற எந்த வேலைக்கும் முன்பு இதைத் தொடங்குங்கள்.

மிஸ் பிரான்ஸ் இறுதிப் போட்டிக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழியில்லை. பகுதிவாரியாக வென்று வரும் ஏறத்தாழ முப்பது பேர்தான் டிசம்பரில் தேஃப்-அன் தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் அந்த மேடையில் நிற்கிறார்கள். இந்தப் பகுதிகளை அரசின் வரைபடத்தில் தேடாதீர்கள். 2016இல் நோர்-பா-து-கலேயும் பிக்கார்தியும் ஒரே நிர்வாகப் பகுதியாகிவிட்டன. அழகிப் போட்டியிலோ இன்னும் தனித்தனிப் பட்டங்கள். சில இடங்களில் அதற்கும் கீழே ஒரு படி உண்டு. 2016இல் மிஸ் பிரான்சாக இருந்து பிறகு மிஸ் யுனிவர்ஸ் பட்டமும் வென்ற ஈரிஸ் மித்தெனார் முதலில் மிஸ் பிளாந்தர், அதன் பிறகுதான் மிஸ் நோர்-பா-து-கலே.

பாரிஸ் பக்கம் கூட்டம் அதிகம், வேறு பகுதியில் போட்டால் சுலபம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பிறப்போ வசிப்போ படிப்போ வேலையோ, அந்தப் பகுதியோடு ஏதாவது ஒரு தொடர்பைக் காட்ட வேண்டியிருக்கும். வென்றால் ஓராண்டு முழுக்க அந்த ஊர்ச் சந்தைகளுக்கும் திறப்பு விழாக்களுக்கும் போக வேண்டியவரும் அவர்தான். லா கூர்நெவில் இருந்துகொண்டு அதைச் செய்வது வீண் அலைச்சல்.

பெயரிலும் கவனம் வேண்டும். பிரான்சில் ‘மிஸ்’ என்று தொடங்கும் போட்டிகள் ஏராளம். எல்லாமே மிஸ் பிரான்சுக்கு இட்டுச்செல்வதில்லை. மிஸ் பிரான்ஸ் அமைப்பின் தளத்தில் உள்ள பகுதிக் குழு வழியாக மட்டும் விண்ணப்பியுங்கள். பதிவுக்கட்டணம், கட்டாயப் பயிற்சி வகுப்பு, புகைப்படத் தொகுப்பு என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போக்குவரத்து, ஒரு நல்ல ஹீல்ஸ், ஒரு மாலை நேர உடை ஆகியவை உங்கள் கணக்கில் வரலாம். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். 2021 முதல் இறுதி நிகழ்ச்சிக்குத்தான் போட்டியாளர்களுக்கு வேலை ஒப்பந்தம் உண்டு. பகுதி மேடைக்குச் சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கேட்கத் தயங்கியிருப்பீர்கள். நீச்சலுடைச் சுற்று உண்டு. அதைத் தவிர்த்துவிட்டுப் போட்டியிடலாம் என்று நினைக்காதீர்கள். படமும் காணொளியும் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் உள்ள உறவினர் கைப்பேசிவரை வரும். விண்ணப்பம் போடும் முன்பே வீட்டில் இதைப் பேசி முடித்துவிடுங்கள். மேடையேறிய பிறகு சண்டை போடுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். இன்ஸ்டாகிராமில் கிடக்கும் பழைய படங்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ரீயூனியன் தீவிலிருந்து வந்து 2008ஆம் ஆண்டுக்கான மிஸ் பிரான்ஸ் பட்டம் பெற்ற வலேரி பேக், பழைய படங்கள் ஒரு பத்திரிகையில் வந்ததால் பட்டத்தையே இழக்கும் நிலைக்குப் போனார். பட்டம் தப்பியது, சர்வதேசப் போட்டிகளுக்குப் போகும் வாய்ப்பு போனது.

தயாரிப்பு என்று பார்த்தால், நடையை விடப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒலிவாங்கி முன் ஒரு நிமிடத்தில் பெயர், ஊர், படிப்பு, என்ன செய்ய ஆசை என்பதைச் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் நடுவருக்கு உடனே தெரிந்துவிடும். பொது அறிவுத் தேர்வும் உண்டு. தினமும் ஒரு பிரெஞ்சுச் செய்தித்தாள் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

படிப்பு விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. பகுதிப் போட்டியோடு நின்றால் பெரிய பாதிப்பு இல்லை. வென்றுவிட்டால், நவம்பர் முதல் டிசம்பர் நடுப்பகுதிவரை பயணமும் ஒத்திகையுமாகப் போய்விடும். அரையாண்டுத் தேர்வும் அதை ஒட்டித்தான் வரும். பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் ‘செசூர்’ என்ற ஏற்பாடு இருக்கிறது: ஓர் அரையாண்டோ ஓராண்டோ இடத்தை இழக்காமல் விலகியிருக்கலாம். அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், கடைசித் தேதியைத் துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

இந்த ஆண்டு தேர்வோ தாளோ இடித்தால் தள்ளிப்போடுங்கள். மார்த்தினிக்கின் ஆஞ்செலிக் அங்கார்னி-பிலோபோன் 2011இல் தன் தீவுப் போட்டியில் முதலிடத்தைத் தவறவிட்டவர். வயது வரம்பு நீங்கிய பிறகு திரும்பி வந்து, 2024 டிசம்பரில் 34 வயதில் மிஸ் பிரான்ஸ் பட்டத்தை வென்றார்.