நீலகிரித் தைலமும் சிறிய ஜிசி கருவியும்: பொதுமக்கள் முன் எதைச் சோதிக்கலாம்?

கேள்வி: நீலகிரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். அருகிலுள்ள கல்லூரி ஒன்று, மேசைமேல் வைக்கக்கூடிய சிறிய வாயு வண்ணப்பிரிகைக் கருவியை (ஜிசி) இரண்டு நாள்களுக்குத் தர இசைந்துள்ளது. ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நிகழ்ச்சி நடத்தி, மக்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் யூகலிப்டஸ் தைலம் சுத்தமானதா என்று அங்கேயே சோதித்துச் சொல்ல எண்ணுகிறோம். இது முடியுமா? எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: கருவியைக் கட்டாயம் கூடத்திற்குக் கொண்டுசெல்லுங்கள். ஆனால் தைலம் சுத்தமானதா என்ற கேள்விக்கு விடை தருவதாக மட்டும் அறிவிக்க வேண்டாம்.

ஜிசி, கலவையை ஆவியாக்கி, ஒரு வாயுவோடு நீண்ட குழாய் வழியே அனுப்பும்; சேர்மங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும்போது, முனையிலுள்ள உணரி அவற்றை வரைபடத்தில் முகடுகளாகக் காட்டும். ஆய்வகங்களில் உள்ள பெரிய ஜிசி கருவிக்கு ஹீலியம் அல்லது நைட்ரஜன் சிலிண்டரும், சேர்மங்களைச் சுடரில் எரித்து அறியும் உணரி இருந்தால் ஹைட்ரஜனும் வேண்டும். இவற்றை மக்கள் கூடும் இடத்திற்கு எடுத்துச் செல்ல எந்தப் பொறுப்புள்ள ஆசிரியரும் துணியமாட்டார். வெர்னியர் நிறுவனத்தின் மினி ஜிசி போன்ற கருவிகள் அறையின் காற்றையே சுமந்து செல்லும் வாயுவாகப் பயன்படுத்துவதால் இந்தத் தடை நீங்கிவிடுகிறது. அதற்கு ஈடாகச் சில எல்லைகளை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தகைய கருவிகளில் பிரிகைக் குழாயை 120 அல்லது 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் சூடாக்க முடியும். உணரியும் எல்லாச் சேர்மங்களுக்கும் ஒரே அளவில் எதிர்வினை காட்டாது; ஆகவே முகடுகளின் பரப்பை ஒப்பிட்டு, 'இதில் இத்தனை சதவீதம்' என்று நேரடியாகச் சொல்ல இயலாது.

தைலத்தின் சிக்கல் இதைவிட ஆழமானது. அதன் முதன்மைச் சேர்மமான சினியோல் 176 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. தைலத்தில் இயற்கையாகவே சிறிதளவு இருக்கும் லிமோனீனின் கொதிநிலையும் ஏறத்தாழ அதுவே. முனைவற்ற படலம் (பெரும்பாலும் கொதிநிலை வரிசையிலேயே சேர்மங்களைப் பிரிப்பது) பூசிய சாதாரணக் குழாயில் இவ்விரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வெளிவருவதால், ஒரே முகடாகத் தோன்றக்கூடும். 156 டிகிரியில் கொதிக்கும் ஆல்ஃபா பைனீன் தனியாகப் பிரிந்து தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அது கலப்படத்திற்குப் பயன்படும் டர்பன்டைனில் (பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் எண்ணெய்) மட்டுமின்றி நல்ல தைலத்திலும் உள்ளது. எனவே அந்த முகட்டைக் கண்டதும் கலப்படம் என்று கூறினால், நேர்மையாக வடித்து விற்கும் ஒருவரை ஊரார் முன் குற்றவாளியாக்கிவிடுவோம். எனக்கு இதைவிடக் கவலை தருவது, ஆவியாகாத மலிவான எண்ணெயைக் கலந்த தைலம். அந்த எண்ணெய் உணரியை எட்டுவதே இல்லை. மாதிரியை உள்ளே விடும் செலுத்துமுனையிலும் குழாயின் தொடக்கத்திலும் படிந்துவிடும். திரையில் தெரியும் வரைபடமோ நல்ல தைலத்தின் வரைபடத்தைப் போலவே இருக்கும்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். 'இந்தக் கலவையில் என்னென்ன இருக்கலாம்?' என்று மக்களையே ஊகிக்கச் சொல்லி, நீங்கள் முன்பே சோதித்துப் பார்த்த பொருள்களை அவர்கள் முன் ஓட்டுங்கள். நகப்பூச்சு நீக்கி இதற்கு மிகவும் ஏற்றது. சிலவற்றில் அசிட்டோனும் (56 டிகிரி) சிலவற்றில் எத்தில் அசிட்டேட்டும் (77 டிகிரி) கரைப்பானாக இருக்கும். இரண்டும் தெளிவாகப் பிரிவதோடு சில நிமிடங்களில் வெளிவந்தும்விடும். முதலில் தூய அசிட்டோனையும் தூய எத்தில் அசிட்டேட்டையும் தனித்தனியே செலுத்தி, ஒவ்வொன்றும் வெளிவர எடுக்கும் நேரத்தைப் பலகையில் எழுதச் செய்யுங்கள். பிறகு கடையில் வாங்கிய நீக்கியின் முகடு எதனோடு பொருந்துகிறது என்று அவர்களே பார்க்கட்டும். நேரம் பொருந்துவது அடையாளத்திற்கு ஆதரவான சான்றே தவிர முடிவான நிரூபணம் அல்ல என்பதை அந்த இடத்திலேயே விளக்குங்கள். ஒரே நேரத்தில் இரு சேர்மங்கள் வரக்கூடும் என்பதற்குச் சினியோலும் லிமோனீனும் உங்கள் கையிலேயே இருக்கும் எடுத்துக்காட்டு.

நீக்கியில் நிறமியும் கிளிசரினும் இருக்கலாம் என்பதால் திரவத்தைச் செலுத்தாமல், மூடிய சிறு குப்பியில் திரவத்தின் மேல் நிற்கும் ஆவியைச் சிரிஞ்சால் எடுத்துச் செலுத்துங்கள். பழச்சாறுக்கும் இதுவே விதி. சர்க்கரை உள்ளே போனால் கல்லூரிக்குப் பழுதான கருவியைத்தான் திருப்பித் தருவீர்கள்.

யாரேனும் சாராயத்தைக் கொண்டுவந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, இப்படியொரு கருவியைக் கண்டவுடன் மக்களுக்கு அந்த எண்ணம் வருவது இயல்பே. நீங்களே தயாரித்த மெத்தனால், எத்தனால் கலவையை இக்கருவி பிரித்துக் காட்டும். ஆனால் முன்பின் அறியாத சாராயத்தில் சிறிய முகடு கண்ணில் படாமல் போய், 'மெத்தனால் இல்லை' என்று நீங்கள் சொன்ன ஒரு சொல்லை நம்பி ஒருவர் அதைக் குடித்துவிடக்கூடும். அத்தகைய மாதிரிகள் அரசுத் தடய அறிவியல் ஆய்வகத்திற்கு உரியவை.

கூடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறைக் காற்றே குழாய்க்குள் செல்வதால் புதிதாகப் பூசிய வண்ணம், சானிடைசர், வாசனைத் திரவியம் எல்லாம் அடிக்கோட்டை (முகடு இல்லாதபோது வரைபடம் காட்டும் சமமான கோடு) அலைக்கழிக்கும். நீலகிரியின் ஈரக் காற்றும் தொல்லை தரலாம். கருவியைச் சன்னலருகே, கூட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, காலையிலேயே எதையும் செலுத்தாமல் ஒரு முறை ஓட்டி அடிக்கோட்டைச் சரிபாருங்கள். ஊசியை ஆசிரியர் மட்டுமே கையாளட்டும். செலுத்துமுனை சூடாக இருக்கும். ஊசியை அழுத்துவதும் கணினியில் ஓட்டத்தைத் தொடங்குவதும் ஒரே நொடியில் நடந்தால்தான் நேரங்கள் ஒத்துப்போகும் என்பதால், கணினிப் பொறுப்பை ஒரு மாணவருக்குக் கொடுத்து முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

தைலத்தையும் கைவிட வேண்டியதில்லை. நீங்கள் நம்பும் ஒரு தைலத்தை அசிட்டோனில் நன்கு நீர்த்து, கடைசி ஓட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பைனீன் முன்னே வந்து, சினியோல் முகடு பின்னால் எழுவதைத் தைலம் காய்ச்சும் ஊர்மக்கள் மிகுந்த ஈடுபாட்டோடு பார்ப்பார்கள். அது முடிந்ததும், கையேடு அனுமதிக்கும் உச்ச வெப்பநிலையில் குழாயைச் சிறிது நேரம் வைத்து, வெற்று ஓட்டத்தில் முகடு எதுவும் மிஞ்சவில்லை என்று உறுதிசெய்த பிறகே கருவியைக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்புங்கள்.